மின்வாய்த் தேய்வு
(அரக்கோணத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாசா சாலைக்கு ஓடிய தடத்தில் அமைந்தது அரக்கோணம். அன்று வண்டியை இழுத்தது நிலக்கரி. பின்னர் வந்தவை டீசலும் மின்கம்பியும். 2025 சூலையில், பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகத்தில், ஐதரசன் எனப்படும் நீரகத்தால் இயங்கும் பெட்டி ஆய்ந்து பார்க்கப்பெற்றது. புகையில்லா வண்டி எனப் பலரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி முறையே! ஆயின், அதன் நெஞ்சாகிய எரிபொருட்கலம் எத்தனை காலம் உழைக்கும்? அதுவன்றோ கேட்கத்தக்க கேள்வி!

அக்கலத்தில் மின்வாய்கள் இரண்டு. இடையே மெல்லிய படலம் ஒன்று. ஒரு மின்வாயில் நீரகம் பிரிந்து மின்னோட்டம் தரும். மறு மின்வாயில் காற்றின் உயிரகத்தோடு கூடி நீராகும். இவ்வினையை விரைவுபடுத்துவது, கரித்தூளின்மேல் பதித்த பிளாட்டினம் என்னும் வெண்பொன் துகள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் இரண்டு முதல் ஐந்து கூறே அத்துகளின் அளவு.

வினையூக்கி தான் மாறாது பிறவற்றை மாற்றும் என்பது பாடநூல் கூற்று. கலத்திலோ அதுவும் தேய்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குந்தோறும் சிறுதுகள்கள் கரைந்து பெருந்துகள்களின்மேல் படிகின்றன; குறுநிலங்களைப் பேரரசு விழுங்குவது போல! எடை பெரிதும் குறையாவிடினும் மேற்பரப்புச் சுருங்குகிறது. வேலை செய்வது மேற்பரப்பே ஆதலின் மின்னோட்டமும் குன்றுகிறது. கலம் நிற்கும்போது நீரகப் பக்கம் காற்றுப் புகுந்துவிட்டால், மீண்டும் தொடங்கும் நொடியில் எதிர் மின்வாயின் கரியே அரிக்கப்பட்டுக் கரிவளியாய்ப் போகும். காலூன்ற இடமின்றித் துகள்கள் பெயர்ந்துவிடும்.

வண்டிமாடு ஒரே சீராக நடந்தால் தொலைவு போகும். நின்று நின்று இழுத்தால் விரைவில் நுரை தள்ளும். எரிபொருட்கலமும் அத்தகையதே. தொடர்வண்டியோ நிலையந்தோறும் நின்று புறப்படுவது! ஆகவேதான் அதனுடன் மின்சேமக்கலத்தையும் இணைக்கின்றனர். புறப்படும் இழுப்பைச் சேமக்கலம் தாங்க, எரிபொருட்கலம் சீராக உழைக்கும்.

வெண்பொன் பெரும்பகுதி அகழப்படுவது தென்னாப்பிரிக்காவில். தேய்ந்தால் விலை கொடுத்தே பெறவேண்டும். தேய்வைத் தடுக்கும் அறிவோ விலைக்கு வாங்கவேண்டுவதன்று. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்க உருவாவும் ஈந்ததனால் காரைக்குடியில் எழுந்து, 1953இல் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் இத்துறையில் உழைத்து வருகிறது. நாளை அவ்வண்டிகளைப் பழுதுபார்க்கப்போகும் இளைஞர்களே! மின்வாய் ஏன் தேய்கிறதென்பதைத் தமிழிலேயே கற்றுத் தெளியுங்கள். காரணம் அறிந்த கையே கருவியைக் காக்கும்.