வேன் நிற்க ஓர் இடம்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வரும் குடும்பங்களில் பல, பாய், பாத்திரம், அரிசியோடு வேனில் வந்து, கோமதி அம்மனைத் தரிசித்துவிட்டு அப்படியே குற்றாலச் சாரலுக்கும் போகின்றன. இரவில் வேனை நிறுத்தித் தங்கும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேர்ந்துகொள்வது நல்லது.

முதலில் தரை. இந்த வட்டாரத்தில் கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கின்றன. காய்ந்த கரிசல் இறுகித் தோன்றும். ஒரு மழை பெய்தால் சக்கரத்தை விடாது. சரளைத் தரையே பாதுகாப்பு.

ஆடியில் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். மேற்கே சுவரோ மரங்களோ மறைக்கும் இடமாக வேண்டும். அடுப்பை வேனுக்குக் கிழக்கே, நன்றாகத் தள்ளி மூட்டினால் தீப்பொறி வண்டிமேல் பறக்காது. வண்டிக்குள் சமைக்கவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

கழிப்பறையும் நல்ல தண்ணீரும் பக்கத்தில் இல்லாவிட்டால் பெண்களும் முதியவர்களும்தான் அதிகம் அவதிப்படுவார்கள். அந்த வசதி உள்ள மண்டப வளாகத்துக்கு வாடகை கொடுப்பது வீண்செலவு அல்ல. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு அருகில் இருந்தால், குழந்தைகளோடு அங்கே தங்கக் கூடாது.

குற்றாலம் பக்கம் ஓடைக்கரையைத் தவிர்ப்பது அவசியம். மலைமேல் மழை கொட்டினால், கீழே மழையே இல்லாதபோதும் வெள்ளம் பாய்ந்து வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் உயிரையே பறித்தது.