நாவின்கீழ் வைக்கும் மருந்து



திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சூழ்ந்துள்ள அந்தநல்லூர், மண்ணச்சநல்லூர், இலால்குடி வட்டாரத்து ஊர்களில், நெஞ்சுவலிக்கென ஒரு சிறு மாத்திரையை எப்போதும் உடன் வைத்திருக்கும் முதியோர் உளர். மலைக்கோட்டைப் படி ஏறுகையிலோ, வயல் வரப்பில் சுமையுடன் நடக்கையிலோ நெஞ்சு இறுகி வலித்தால், அதனை நாவின்கீழ் வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொல்லியிருப்பார். ஆயினும், வலி வந்த பதற்றத்தில் அதனை நீருடன் விழுங்கிவிடுவோரும் உண்டு. விழுங்கினால் என்ன குறை என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாம் விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்துடன் முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. நைட்ரோகிளிசரின் என்னும் இதய மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிடும். நாவின் அடிப்புறத்துச் சவ்வோ மிக மெல்லியது. அதன்கீழ் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. அங்கே கரையும் மருந்து கல்லீரலுக்குச் செல்லாமல், கழுத்துச் சிரைகளின் வழியே இதயத்தை அடைகிறது. ஆதலின் ஓரிரு நிமிடங்களிலேயே பயன் தெரியத் தொடங்கும். ஏரியை நிரப்பிப் பின் பாயும் நீருக்கும், வாய்க்காலிலிருந்து நேரே மடைக்கு வரும் நீருக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இவ்வுண்மை நம் ஊராருக்குப் புதியதன்று. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர், அதனை விழுங்காமலேயே தலை கிறுகிறுப்பதை அறிவார். உடன் சேரும் சுண்ணாம்பு, புகையிலையின் நிக்கோட்டின் சவ்வினுள் விரைந்து புக உதவுகிறது. மருந்து நுழையும் வாயிலிலேயே நஞ்சும் நுழைகிறது. பாக்கு மெல்லுதலே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

நைட்ரோகிளிசரினை 1847-ல் இத்தாலியில் கண்டுபிடித்த சொப்ரேரோ, அதில் சிறிதளவை நாவில் வைத்த மாத்திரத்தில் கடுந்தலைவலி உண்டாவதைக் கண்டார். அது வெடிக்கும் பொருள். ஆல்பிரட் நோபல் அதைக்கொண்டே டைனமைட்டைச் செய்தார். நெஞ்சுவலிக்கு அது உதவும் என்பதை இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல் 1879-ல் எடுத்துக்காட்டினார். 1896-ல் இதய நோயுற்றிருந்த நோபலுக்கே மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். அதன் இனத்தைச் சேர்ந்ததே, நம் நாட்டில் சார்பிட்ரேட் என்ற பெயரில் பலரும் அறிந்துள்ள ஐசோசார்பைடு டைநைட்ரேட்.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன். வலி தோன்றியதும் வேலையை விட்டு உட்கார வேண்டும். இம்மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால், நின்றுகொண்டிருப்பவர் மயங்கி விழக்கூடும். வாயில் வெற்றிலை இருப்பின் உமிழ்ந்து, வாயைக் கொப்பளித்தல் வேண்டும். வாய் உலர்ந்திருந்தால் சிறிது நீரால் நனைத்துக்கொள்ளலாம். மாத்திரை நாவின்கீழ்த் தானே கரைய வேண்டும். மெல்லுதலும் விழுங்குதலும் கூடா. நைட்ரோகிளிசரின் மாத்திரை வெப்பத்தாலும் ஒளியாலும் வீரியம் இழக்கும். ஆகவே அதற்குரிய புட்டியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். சேலைத் தலைப்பிலும் இடுப்பு மடியிலும் முடிந்து வைத்தல் தகாது.

ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை அண்டை வீட்டார் நெஞ்சுவலிக்கு எடுத்துக் கொடுப்பது ஆபத்து. ஆண்மைக் குறைவுக்கெனச் சில்டெனாபில் போன்ற மருந்தை உட்கொண்டவர் இதனைத் தொடலாகாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஊறு நேரும் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதனை மருத்துவரிடம் மறைத்தலும் கூடாது.

ஒரு மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில், தாமதியாது 108-ஐ அழைக்க வேண்டும். வலி புதிதாக வந்தவரும் அவ்வாறே உடனே அழைத்தல் வேண்டும். 2008 முதல் இவ்வூர்தி நம் மாநிலத்தில் கட்டணமின்றி ஓடுகிறது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் முதலிய மருந்துகளை அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். அம்மருந்துகள் விழுங்குவதற்குரியவை. எனவே, எம்மருந்தாயினும் அது எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

அன்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்து முதியோரிடம், "நெஞ்சு வலித்தால் இம்மாத்திரையை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "விழுங்குவேன்" என்று விடை வருமாயின், இங்கே கேட்டதைப் பொறுமையுடன் எடுத்துச் சொல்லுங்கள்.