இறுகிய சக்கரக் குடம்

அமெரிக்காவில் 1939 முதல் 1953 வரை உற்பத்தியான ‘பாமோல் எச்’ உழவு இயந்திரத்தின் பின்சக்கரங்களை, பயிர்வரிசையின் இடைவெளிக்கேற்ப அச்சுத்தண்டில் உள்ளும் புறமும் நகர்த்தலாம். ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்தாலோ, குடமும் தண்டும் துருவேறி ஒன்றாகிவிடும். போல்ற்றுகளைக் கழற்றியதும் குடத்தின் பிளவிலே ஆப்பினை ஓங்கி அறைவோர் பலர். வார்ப்பிரும்பு வளையாது, நேயர்களே, வெடித்துவிடும். இத்தனை பழைய இயந்திரத்துக்கு வேறு குடம் தேடுவது எளிதோ?

முதலில் துருவிளக்கும் எண்ணெயிட்டு ஓரிரு நாள் ஊறவிடுதல் வேண்டும். பின்னர் எண்ணெயை நன்கு துடைத்து, ரயரையும் அகற்றி, தண்டை விடுத்துக் குடத்தை மட்டும் சுற்றிவரச் சூடேற்றுக. 50 மில்லிமீற்றர் துளை, வெப்பம் 100 பாகை உயர, ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் விரியும். மயிரிழையளவுதான், ஆயினும் துருவின் பிடி தளர்ந்து, மெல்லத் தட்டவே குடம் நகரத் தொடங்கும்.