செந்நாய்க் குட்டி எப்படி வளர்கிறது?
(நம் குடியிருப்பின் சிறுவர் வாசிப்பு நேரத்தில் பேசியது)

முன்வரிசைக் குழந்தைகளே, இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். பெரியவர்களுக்குக் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் படிப்போம்: செந்நாய். செம்மை நிற நாய். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளில் கூட்டமாக வாழும் காட்டு நாய் இது. நம் தெரு நாய்போலக் குரைக்காது. சீழ்க்கை அடித்துக் கூட்டத்தைக் கூப்பிடும்.

ஆனால் பிறக்கும்போது குட்டி சிவப்பாக இருக்காது. கரும்பழுப்பாக இருக்கும். கண் திறந்திருக்காது. நம் காடுகளில் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி பிறக்கும். ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள்கூட இருக்கலாம்!

அத்தனை குட்டிகளை விட்டுவிட்டு அம்மா வேட்டைக்குப் போக முடியுமா? முடியாது. அப்படியானால் பட்டினியா? அதுவும் இல்லை. கூட்டத்தில் உள்ள மற்ற செந்நாய்கள் மானை வேட்டையாடித் தின்று, வளைக்குத் திரும்பி வந்து, அம்மாவுக்கும் குட்டிகளுக்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். முகம் சுளிக்காதீர்கள்! அவற்றிடம் டிபன் பாக்ஸ் இல்லை. வயிறுதான் டிபன் பாக்ஸ்.

இரண்டரை மாதம்போல ஆனதும் குட்டிகள் வளையை விட்டு வெளியேறும். ஆறு மாதத்தில் பெரியவற்றோடு வேட்டைக்குக் கிளம்பும். அங்கே ஒரு நல்ல வழக்கம்: வேட்டையாடியவை ஒதுங்கி நிற்க, குட்டிகள்தான் முதலில் சாப்பிடும்.

இந்தச் செய்திகளில் பலவற்றை நமக்குத் தெரியப்படுத்தியவர் நம் நாங்குநேரிக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங். 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் செந்நாயைக் கொன்றால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அதைக் கொல்வது குற்றம்.

இப்போது பெரியவர்களுக்கு. துப்பாக்கி போனாலும் நோய் போகவில்லை. வெறிநோயும் டிஸ்டெம்பரும் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றும். கூட்டமே சேர்ந்து வளர்ப்பதால், நோயும் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். எனவே உங்கள் செல்ல நாய்க்கு இரண்டு தடுப்பூசிகளையும் தவறாமல் போடுங்கள். விடுமுறையில் மசினகுடி, வால்பாறைப் பக்கம் போனால் அதைக் காட்டோரம் அவிழ்த்து விடாதீர்கள். சாலையில் செந்நாய் தென்பட்டால் காரை விட்டு இறங்காமல், ஹாரன் அடிக்காமல், அது கடந்து போக வழிவிடுங்கள். பின்னாலேயே குட்டிகள் வந்துகொண்டிருக்கலாம்.

குழந்தைகளே, இப்போது சீழ்க்கை அடிக்கலாம்!