உடுக்கும் உரிமை



போருக்குச் செல்லும் வீரன் பூச்சூடிச் சென்றான் என்பது தமிழ் மரபு. ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான். மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். மதில் காத்தவன் நொச்சி சூடினான். களத்தில் எதிர்நின்று பொருதவன் தும்பை சூடினான். இவை அவன் மேற்கொண்ட வினையைக் காட்டின. பனம்பூவும் வேம்பும் ஆத்தியும் அவன் சேரன் வீரனா, பாண்டியன் வீரனா, சோழன் வீரனா என்பதைக் காட்டின. போர் முடிந்ததும் பூ வாடிவிடும். வாடாத அடையாளம் வேண்டுமாயின் நடுகல் உண்டு. அதற்கோ அவன் மாண்டிருக்க வேண்டும். அப்படியானால், உயிரோடு ஊர் திரும்பியவன் தன் படைத்தொண்டை எதனால் உணர்த்துவான்?

இவ்வினாவிற்கு விடை சொன்ன நாடுகளுள் ஒன்று ஸ்காட்லாந்து. அந்நாட்டு வீரன் தன் தொண்டை இடுப்பில் உடுத்திக்கொண்டான். அவன் உடுத்தது கில்ட். அதன் துணி டார்ட்டன். பணி முடித்து வந்த ஒருவன் தனக்கென ஒரு கில்ட் தைக்கக் கொடுக்கும்போது, எந்தக் கட்டத்தைத் தேர்வது என்னும் கேள்வி எழுகிறது. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் அதற்குள் ஓர் இனத்தின் தோல்வியும் மானமும் பிழைப்பும் பின்னிக் கிடக்கின்றன.

முதலில் துணியைப் பற்றிச் சில சொற்கள். டார்ட்டன் என்பது கம்பளி நூலால் நெய்யப்படும் கட்டத் துணி. பாவில் எந்த நிற நூல்கள் எந்த எண்ணிக்கையில், எந்த வரிசையில் ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் ஊடையிலும் ஓடும். நூல் எண்ணிக்கையால் அமைந்த இவ்வொழுங்கைச் செட் என்பர். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு இது விளங்கும். டார்ட்டனிலோ சாய்வரி நெசவால் இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கலப்பு நிறம் தோன்றும். ஒரு கில்ட்டிற்கு மரபுப்படி ஏறத்தாழ 8 கெஜம் துணி செல்லும். முன்புறம் தட்டையாகவும் பின்புறம் கொசுவமாகவும் அமையும். அக்கொசுவத்திலும் ஒரு செய்தி உண்டு. அது பின்னர் வரும்.

படைக்கும் டார்ட்டனுக்கும் உள்ள உறவு ஒரு காவல் வேலையில் தொடங்கியது. 1725ஆம் ஆண்டு தளபதி வேட் என்பவர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டைக் கண்காணிக்க மலைநாட்டாரைக் கொண்டே காவல் குழுக்களை அமைத்தார். 1739இல் அவை ஒரு படைப்பிரிவாயின. கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பும் கலந்த கட்டம் அவர்களுடையதாயிற்று. ‘பிளாக் வாட்ச்’, அதாவது கறுப்புக் காவல், என்பது அவர்கள் பெயர். தம் மக்களைத் தாமே வேவு பார்க்க நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்தம் துயரும் சிறிதன்று. 1743இல் அவர்கள் இலண்டனுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிவிடுவார்கள் என்னும் ஐயம் பரவவே, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊர் நோக்கித் திரும்பி நடந்தனர். பிடிபட்டவர்களுள் மூவர் இலண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் படைக் கட்டத்தின் வரலாறு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதில் குருதி படிந்துவிட்டது.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் களத்தில் ஸ்டூவர்ட் இளவரசனின் பக்கம் நின்ற மலைநாட்டுக் குடிகள் தோற்றன. அவ்வாண்டே சட்டம் ஒன்று வந்தது. ஸ்காட்லாந்தில் ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடையை உடுத்தலாகாது. முதல் முறை மீறினால் 6 மாதச் சிறை. மறுமுறை மீறினால் 7 ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். இத்தடைக்கு ஒரு விலக்கு இருந்தது: மன்னரின் படையில் பணிபுரிவோர் அவ்வுடையை உடுத்தலாம்.

இவ்விலக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாட்டன் உடுத்திய உடையைப் பேரன் உடுத்த விரும்பினால் அவனுக்கிருந்த நேர்வழி ஒன்றே. எந்த அரசு அவ்வுடையைப் பறித்ததோ, அந்த அரசின் படையில் சேர வேண்டும். 1782இல் சட்டம் நீக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. இதற்கிடையில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. அத்தலைமுறைக்குக் கில்ட் என்பது பாட்டன் உடையாக அன்றிப் போர்வீரன் உடையாகவே தோன்றியிருக்கும். அமெரிக்கக் காடுகளிலும் இந்தியச் சமவெளிகளிலும் அவ்வுடையோடு அவர்கள் விழுந்தார்கள். 1758இல் டைகான்டெரோகாக் கோட்டையைத் தாக்கிய ஒரே நாளில் பிளாக் வாட்ச் வீரருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது புண்பட்டனர்.

தமிழகமும் இவர்களைக் கண்டிருக்கிறது. 1780இல் மெக்லியாட் ஹைலாண்டர்ஸ் என்னும் படைப்பிரிவு சென்னைக்கு வந்து இறங்கியது. அதன் ஒரு பகுதி அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு ஆகியோர் படையிடம் அழிந்தது. எஞ்சியோர் சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போயினர். மறு ஆண்டு பரங்கிப்பேட்டைப் போரிலும் அப்பிரிவு நின்றது. தம் நாட்டில் உடுக்கத் தடைசெய்யப்பட்டிருந்த உடைக்கு உரியவர்கள், தமக்குத் தொடர்பில்லாத மண்ணில், தமக்குப் பகையில்லாத மக்களோடு பொருதார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பிரிவுகள் பெருகப் பெருக, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டியதாயிற்று. கருநீலப் பச்சைக் கட்டம் அடித்தளமாக நிற்க, அதன்மேல் ஒரு கோடு சேர்ந்தது. சீஃபோர்த் பிரிவின் துணியில் வெள்ளையும் சிவப்பும் ஓடின. 1793இல் கார்டன் கோமகன் தாம் திரட்டவிருந்த படைக்குத் துணி வேண்டினார். ஹன்ட்லி ஊரைச் சேர்ந்த ஃபோர்சைத் என்னும் நெசவாளர் மூன்று மாதிரிகளை முன்வைத்தார். ஒன்றில் ஒரு மஞ்சள் கோடு, மற்றொன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. கோமகன் ஒற்றைக் கோட்டைத் தேர்ந்தார். அந்த ஒற்றை மஞ்சள் கோடு இருநூறு ஆண்டுக் காலம் கார்டன் வீரனின் முகவரியாயிற்று. கேமரன் படைக்குரிய எராக்ட் கட்டத்தை, அப்படையைத் திரட்டிய ஆலன் கேமரனின் தாயார் வகுத்துக் கொடுத்தார் என்பது அவர்கள் மரபில் வழங்கும் செய்தி. மகன் போருக்குப் போகிறான். தாய் நூல்களை எண்ணி அடுக்குகிறாள். புறநானூற்று மூதின் மகளிரை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இனிக் கொசுவத்திற்கு வருவோம். கில்ட்டைத் தைப்பதில் இருமுறை உண்டு. மடிப்பு வைத்த பின்னும் கட்டத்தின் தொடர்ச்சி கெடாது தோன்றத் தைப்பது ஒன்று. ஒவ்வொரு மடிப்பின் முகப்பிலும் ஒரே கோடு நிற்கத் தைப்பது மற்றொன்று. பின்னதைப் படைமுறை என்பர். கார்டன் வீரன் முன்னே நிற்கும்போது அவன் உடையில் கட்டம் தெரியும். திரும்பி நடக்கும்போது மடிப்புதோறும் மஞ்சள் கோடு வரிசை கட்டி நிற்கும். ஆகவே படைத்தொண்டை நினைந்து கில்ட் தைப்பவன் துணியைத் தேர்ந்தால் மட்டும் போதாது. கொசுவத்தையும் தேர வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. குடிக்கொரு கட்டம் பண்டுதொட்டு இருந்தது என்றும், படை அதைக் கடன் வாங்கியது என்றும் பலர் கருதுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. 1815இல் இலண்டன் மலைநாட்டுச் சங்கம் குடித்தலைவர்களிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியைக் கேட்டது. தமக்குரியது எதுவென அறியாத தலைவர்களும் இருந்தனர். இன்று கார்டன் குடிக்கும் மெக்கன்சி குடிக்கும் உரியவையாக வழங்கும் கட்டங்கள் அவர்தம் படைப்பிரிவுகளின் கட்டங்களே. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் நகரமே டார்ட்டன் உடுத்தியது. தடை செய்த அரசின் மன்னரே அவ்வுடையில் தோன்றினார். இவ்வாறு, படைவீரன் உயிர்கொடுத்துக் காத்த உடையைப் பின்னர்ப் பெருமக்கள் அணிந்து அழகு பார்த்தனர் எனலாம்.

கட்டமே வேண்டாம் என்ற பிரிவும் உண்டு. 1859இல் தோன்றிய இலண்டன் ஸ்காட்டிஷ் என்னும் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியவர் எல்கோ பிரபு. எந்தக் குடியின் டார்ட்டன் என்னும் பூசல் எழாமலும், களத்தில் எளிதில் கண்ணில் படாமலும் இருக்க, ஹாடன் கிரே என்னும் பழுப்புச் சாம்பல் நிறத் துணியை அவர் தேர்ந்தார். கோடில்லாத அத்துணியும் காலப்போக்கில் ஓர் அடையாளமாயிற்று. 1914ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் மெசின் களத்தில் அவர்கள் அந்தச் சாம்பல் உடையோடு நின்றனர்.

அந்தப் போரின் அகழிகளில் கில்ட் பட்ட பாட்டைக் கவிஞர்கள் கருத வேண்டும். கொசுவ மடிப்புகளில் பேன் குடியேறியது. சேறு ஏறிய துணி கல்லாய்க் கனத்தது. ஈர விளிம்பு உறைந்து முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. நிறம் பகைவர் கண்ணில் படாதிருக்கக் காக்கித் துணியை மேலே கட்டிக்கொண்டனர். 1940இல் பிரான்சில் கேமரன் வீரர்கள் கில்ட்டோடு பொருததே ஒரு படையணி அவ்வுடையோடு களம் புகுந்த கடைசி நிகழ்ச்சி என்பர். அதன்பின் கில்ட் அணிவகுப்புக்கும் விழாவுக்கும் உரியதாயிற்று.

பின்னர்ப் பிரிவுகளே ஒவ்வொன்றாக மறைந்தன. 1961இல் சீஃபோர்த்தும் கேமரனும் இணைந்தன. 1994இல் அவற்றோடு கார்டன் பிரிவும் இணைந்தது. 2006ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் எஞ்சியவை அனைத்தும் ஸ்காட்லாந்து அரசப் படைப்பிரிவு என ஒன்றாயின. இளமையில் மஞ்சள் கோட்டோடு நின்றவனுக்கு இன்று திரும்பிப் போகப் பாசறை இல்லை. அவன் பிரிவின் பெயர் படைப்பட்டியலில் இல்லை. துணி மட்டும் தறியில் இன்னும் நெய்யப்படுகிறது. அவன் கடைக்குச் சென்று அந்தக் கட்டத்தைக் கேட்பது தன் இளமைக்கும் மாண்ட தோழர்களுக்கும் ஒரு முகவரி கேட்பதாகும்.

இந்நிலையில் தேர்வு எவ்வாறு அமையும்? மெக்கன்சி என்னும் குடிப்பெயர் கொண்ட ஒருவன் கார்டன் பிரிவில் பணியாற்றினான் என்க. குடிக்கட்டம் அவனுக்குப் பிறப்பால் வந்தது. மஞ்சள் கோடு அவன் ஈட்டியது. உறவினர் திருமணத்தில் முன்னதையும், நவம்பர் மாத நினைவு நாளில் பின்னதையும் அவன் உடுப்பானாயின் இரண்டிற்கும் நீதி செய்தவனாவான். ஒன்றே வாங்க இயலும் எனின், எதை உடுக்கும்போது அவன் முதுகு தானே நிமிர்கிறதோ, அதுவே அவனுடையது.

தரைப்படையில் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கனடா நாட்டு வான்படைக்கு 1942இல் கருநீலமும் இளநீலமும் அரக்குச் சிவப்பும் கொண்ட தனிக்கட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்க மரைன் வீரர்க்கு ‘லெதர்நெக்’ என்னும் கட்டமும், கடற்படையினர்க்கு ‘எட்செல்’ என்னும் கட்டமும் உண்டு. 2009இல் தொடங்கப்பெற்ற ஸ்காட்லாந்தின் டார்ட்டன் பதிவேட்டில் படைக்குரியவை தனி வகையாகவே இடம்பெறுகின்றன.

படையில் பணிபுரியாதவன் பிளாக் வாட்ச் கட்டத்தை உடுக்கலாமா? சட்டம் தடுக்கவில்லை, அத்துணி உலகெங்கும் விற்பனையாகிறது. ஆயினும் துணி வேறு, சின்னம் வேறு. அப்பிரிவின் தொப்பியில் நிற்கும் செவ்விறகும், உலோகச் சின்னமும் உழைத்துப் பெற்றவனுக்கே உரியவை. மாண்டவரின் பதக்கத்தை அவர்தம் மகனோ மகளோ அணிய நேர்ந்தால், மார்பின் வலப்புறத்தில் அணிவது பிரித்தானிய வழக்கம். இடப்புறம் ஈட்டியவனுடையது. ‘இது என் தந்தையின் வீரம், என்னுடையதன்று’ என்பதை ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்தும் நாகரிகம் அது. உடையிலும் இந்நாகரிகம் பொருந்தும்.

எஞ்சி நிற்பது ஒரு கேள்வி. அடக்கியவனின் படையில் உடுத்த உடை மானத்தின் சின்னமா, அடிமைச் சின்னமா? இரண்டும் அதில் உண்டு என்பதே நேரிய விடை. 1743இல் சுடப்பட்ட மூவரும் அந்தக் கருந்துணிக்குள் இருக்கிறார்கள். அந்த உடைக்காகவே படையில் பெயர் கொடுத்தவனும் இருக்கிறான். பொள்ளிலூரில் வீழ்ந்தவனும் அவனை வீழ்த்தியவனும் அதன் மடிப்பில் இருக்கிறார்கள். தேர்பவன் இவ்வனைத்தையும் அறிந்து தேர வேண்டும். நிறம் கண்ணுக்கு இனிதாயிருப்பதால் எடுத்த கட்டம் வெறும் துணி. தன் வரலாறு அறிந்து எடுத்த கட்டமே உடை.

சொல்லுக்கும் இது பொருந்தும். மரபிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஆள்கின்ற பாவலன் அச்சொல்லை முன்னர் யார் சுமந்தார்கள், எந்தக் களத்தில் சுமந்தார்கள் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பத்தாண்டுகளாகச் சொற்களைத் தேர்ந்து உடுத்திவரும் இவ்விலக்கிய வட்டம் இன்னும் பல்லாண்டு அவ்வறிவோடு வளர்க.