தலைமையகத்தின் ஆணையும் கிளையின் கணினியும்

காலையில் அலுவலகத்திற்கு வருகிறீர்கள், கணினியை முடுக்குகிறீர்கள். வழக்கமாகச் சிறிது நேரத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை, இன்று காத்திருக்குமாறு சொல்லிவிட்டு வாளா நிற்கிறது. ஒருவாறு உள்ளே நுழைந்தால், நேற்று மாலை இல்லாத மென்பொருள் ஒன்று அங்கே வந்து அமர்ந்திருக்கிறது. அதை அமைக்க எவரும் உங்கள் மேசைக்கு வரவில்லை. அமைத்தவர் நீங்கள் வாழும் மாநிலத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

நம்மவர் பலர் முன்னாளில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அலுவலகப் பணி பெற்றனர். இன்று அவ்வூர்களுள் பம்பாய், கல்கத்தா ஆகியவற்றின் பெயரும் மாறிற்று, தட்டெழுத்துப் பொறியும் போயிற்று. கணினியின் முன் அமர்ந்து பணியாற்றுவோரிலும், அக்கணினிகளைப் பேணுவோரிலும் தமிழர் பலர் உளர். நாங்கள் பேணுவோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும் இவ்வுரை, முன்னால் அமர்ந்திருப்போரை எண்ணியே எழுதப்பட்டது.

பத்துக் கணினிகள் உள்ள இடத்தில் ஒருவர் மேசை மேசையாகச் சென்று மென்பொருளை அமைத்துவிடலாம். ஐந்நூறு கணினிகள் ஐந்து நகரங்களில் இருந்தால் என் செய்வது? இதற்கு விடையாக, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு ஏற்பாடுகளைத் தந்தது. ஒன்று, ஆக்டிவ் டைரக்டரி என்னும் பதிவேடு. அலுவலகத்தின் கணினிகளும் பணியாளர்களும் அதில் பெயர் பதிந்து, துறை, கிளை எனப் பிரிவு பிரிவாக வைக்கப்படுகின்றனர். மற்றொன்று, குரூப் பாலிசி என்னும் கொள்கை முறை. ஒரு பிரிவின்மீது ஒரு கொள்கையை இணைத்துவிட்டால், அப்பிரிவில் உள்ள கணினிகள் யாவும் அதற்குக் கட்டுப்படும்.

ஆணை கணினியைத் தேடிச் செல்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், கணினியே ஆணையைத் தேடி வருகிறது. முடுக்கப்படும்போது அது தலைமைச் சர்வரிடம், "எனக்குரிய கொள்கைகள் யாவை?" என்று வினவுகிறது. அதன்பின் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறையும், எல்லாம் ஒரே நொடியில் மொய்த்துக்கொள்ளாதபடி 30 நிமிடம் வரை தாழ்த்தியும் வினவிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கணினிக்கென ஒதுக்கிய மென்பொருளை அந்த இடைவேளைகளில் அது அமைப்பதில்லை. நீங்கள் கணக்கெழுதிக் கொண்டிருக்கும்போதே கணக்கு மென்பொருளை உருவி மாற்றினால் என்ன ஆகும்! ஆகவே, எவரும் உள்ளே நுழையாத தொடக்க வேளையையே அது தேர்ந்துகொள்கிறது. காலையில் நீங்கள் காத்திருப்பதன் காரணம் இதுவே. வீட்டிலிருந்து பணியாற்றும் வழக்கம் 2020இல் பரவியபோது, பல மடிக்கணினிகளுக்கு இம்முறையில் மென்பொருள் போய்ச் சேராததற்கும் இதுவே காரணம். அலுவலக வலையுடன் அவை தொடர்பு கொண்டதே, உரியவர் உள்ளே நுழைந்த பிறகுதான்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் தவறாமல் இடறும் கல் ஒன்று உண்டு. மென்பொருளை ஒரு சர்வரில் வைத்து, அதைப் படிக்கும் உரிமையைப் பணியாளர்களுக்கு மட்டும் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஏன் அமையவில்லை என்று திகைப்பார்கள். தொடக்க வேளையில் மனிதர் எவரும் அங்கே இல்லை. கணினி தன் சொந்தப் பெயரிலேயே சர்வரின் கதவைத் தட்டுகிறது. உரிமையும் அதன் பெயருக்கே இருத்தல் வேண்டும். நாங்களும் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களே.

நன்மைக்கு உதவும் வழி தீமைக்கும் உதவும். பிணைப்பணம் கேட்கும் லாக்பிட் என்னும் தீய மென்பொருளின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, அலுவலகத்தின் தலைமை உரிமையைக் கைப்பற்றியதும், இதே கொள்கை முறையைக் கொண்டே கணினிகள் அனைத்திலும் பரவியது. வேலியாக வைத்ததே வழியாயிற்று. தீய எண்ணம் இல்லாமலும் கேடு நேரலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்கள் சிலவற்றில் நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது குரூப் பாலிசியின் வழியே வந்ததன்று. எனினும் ஓரிடத்தில் செய்த மாற்றம் எல்லா இடத்திற்கும் ஒரே வேளையில் செல்லும் என்ற தன்மை இரண்டிற்கும் பொதுவானது.

எங்கள் அனுபவம் இவ்வளவு பெரியதன்று. நாங்கள் பணியாற்றிய ஓர் அலுவலகத்தின் தலைமையகம் ஹைதராபாத்தில் இருந்தது. நாக்பூரில் ஒரு கிளை. கிளையில் நாற்பது கணினிகள். இரண்டு ஊர்களையும் இணைத்த பாதை நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கொண்டது. 300 மெகாபைட் அளவுள்ள மென்பொருள் ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொள்கையில் சேர்த்துவிட்டு வீடு சென்றோம். பாதை மெதுவானதாயின் மென்பொருளை அமைக்காமல் விட்டுவிடும் காப்பு இம்முறையிலேயே உண்டு என்பது எங்கள் துணிவு. ஆனால் நொடிக்கு 500 கிலோபிட்டிற்குக் குறைந்தால்தான் அதன் கணக்கில் பாதை மெதுவானது. எங்கள் பாதை விரைவானது என்றே அது தீர்ப்பளித்தது. பாதையின் அகலத்தைத்தான் அது பார்த்தது; அதில் ஒரே வேளையில் நடக்கப்போகும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நாற்பது கணினிகளுக்கு 12,000 மெகாபைட்; அந்தப் பாதையில் அது சென்று சேரப் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். காகிதமும் பென்சிலும் எடுத்திருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை நாற்பது திரைகளும் காத்திருந்தன. வாடிக்கையாளர்களும் காத்திருந்தனர். பத்தரை மணிக்குக் கிளையிலிருந்து நம் ஊர்க்காரரான முதிய எழுத்தர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் முடுக்கினேன்; திறந்துகொண்டது. உள்ளே போனபின் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டேன். மற்றவர்களுக்கும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?"

சரிதான். தொடக்க வேளையில் வலை இல்லையேல் மென்பொருளைத் தேட வழியில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் மறு தொடக்கம் வரை அது தேடப்போவதும் இல்லை. எங்கள் நூல்களில் படித்திராத ஒருவர் அதைத் தம் மேசையிலேயே கண்டுகொண்டார். நாங்கள் நாணத்துடன், "சரி ஐயா" என்றோம். "அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே கொள்கையை நீக்கினோம். கிளையிலேயே ஒரு சர்வரில் மென்பொருளின் படி ஒன்றை இரவில் மெல்ல மெல்லச் சேரும்படி வைத்தோம். கணினிகள் அதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டன. அதன்பின் எந்தப் புதிய மென்பொருளையும் முதலில் நான்கு கணினிகளுக்கு மட்டுமே அனுப்பினோம். அவற்றுள் ஒன்று அப்பெரியவருடையது. முதல் நாள் மாலை அவருக்குச் சொல்லிவிடுவோம். மறுநாள் காலை, "வந்துவிட்டது" என்று சொல்வார். ஒரு முறை, "வரவில்லை, தம்பி" என்றார். கிளையின் சர்வரைப் பார்த்தோம். படி பாதியிலேயே நின்றிருந்தது. மற்ற முப்பத்தாறு கணினிகளுக்கும் அன்று எதையும் அனுப்பவில்லை.