சாலையின் திசையும் நடையின் திசையும்



தைப்பூசத்துக்கு நத்தம் வழியாக வரும் பாதயாத்திரையினர் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் கடந்து பழனிக்கு நடக்கிறார்கள். திரும்புவது பெரும்பாலும் பேருந்தில். இந்த ஒருதிசை நடைவழியை, 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மாணவர்கள் எப்படிக் குறிப்பது?

நத்தம் சாலையையே ‘ஒருவழி’ என்று குறித்துவிடத் தோன்றும். அது தவறு. வழிகாட்டும் செயலிகள் அதை வாகனங்களுக்கான தடையாகப் படிக்கும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் பக்கம் விரையும் ஆம்புலன்சைச் சுற்றுவழியில் அனுப்பிவிடும்.

சாலை அப்படியே இருக்கட்டும். நடைவழியைத் தனி ‘ரிலேஷன்’ ஆக உருவாக்கி, சாலைத் துண்டுகளை அதில் வரிசையாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும், அதை வரையத் தொடங்கிய புள்ளியிலிருந்து முடித்த புள்ளிவரை ஒரு திசை உண்டு. நடை அத்திசையில் சென்றால் ‘ஃபார்வர்டு’, எதிர்த்திசையில் சென்றால் ‘பேக்வர்டு’ என்று குறிக்கலாம். பழனி கிரிவலத்துக்கும் இதே முறைதான். அங்கே மலை எப்போதும் வலக்கைப் பக்கம்.

முதலில் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுப் பழக்குங்கள். “இந்தத் திசை சாலைக்கா, நடப்பவருக்கா?” என்று கேட்ட பிறகே மாணவர் வரைபடத்தில் கைவைக்கட்டும். பொது வரைபடத்தில் ஒருவர் செய்யும் திருத்தம் பலருடைய பயணத்தை மாற்றும்.